வெட்டிய கட்டையில் துளிர்த்த காடு: நைஜரின் மராடி வட்டார அனுபவம்

கம்பு நம் ஊர்ப் பயிர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது பிறந்த மண் மேற்கு ஆப்பிரிக்கா. சஹாராவின் தெற்கு ஓரமாகக் கிழக்கு மேற்காக ஓடும் 'சஹேல்' என்ற வறண்ட நிலப்பட்டையில் மனிதன் அதை வீட்டுப்பயிராக்கினான். அங்கிருந்து ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் அது இந்தியாவுக்கு வந்தது. சோளமும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்கா தந்தவையே. பதிலுக்கு நம் முருங்கை அங்கே போய் வேர்பிடித்திருக்கிறது. நைஜர் நாட்டில் வேகவைத்த முருங்கைக்கீரையைக் கடலைப் புண்ணாக்குத் தூளோடு பிசைந்து தெருவோரத்தில் விற்கிறார்கள். கம்பைக் குத்திப் புடைத்துக் களியாகவும் கூழாகவும் உண்ணும் அந்த மக்கள், நம் மானாவாரி உழவருக்கு அவ்வளவு ஒன்றும் அந்நியர்கள் அல்லர்.

அந்த நாட்டின் தென்பகுதியில், நைஜீரிய எல்லையை ஒட்டி இருக்கிறது மராடி வட்டாரம். (நைஜர் வேறு, நைஜீரியா வேறு.) பெரும்பாலோர் ஹௌசா மொழி பேசும் உழவர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும். அளவு ஊருக்கு ஊர் மாறினாலும் பெரும்பாலும் 300 முதல் 600 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மீதி எட்டு மாதம் வானம் வெறுமை. மண் முழுக்க மணல். பாசனம் என்பது பெரும்பாலான குடும்பங்கள் அறியாத ஒன்று. உலகின் மிக ஏழ்மையான நாடுகளின் பட்டியலில் நைஜர் ஆண்டுதோறும் கடைசி வரிசையில்தான் இருந்துவருகிறது.

இந்த வட்டாரத்தில் 1980களின் நடுவிலிருந்து உழவர்களின் வயல்களில் மரங்கள் திரும்பி வந்தது, வறண்ட நில வேளாண்மையைப் பற்றி யோசிக்கும் எவரும் ஊன்றிப் பார்க்க வேண்டிய நிகழ்வு. அது வெற்றிக்கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அதில் ஒரு முழுத் தோல்வியும், பாதி வழியில் ஒரு பெரும் சறுக்கலும், இன்றும் தீராத வழக்குகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் உள்ளே என்ன வேலை செய்தது என்பது விளங்கும்.

நிலம் மொட்டையானது எப்படி

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மராடி நிலக்கடலை வட்டாரமானது. ஏற்றுமதிக்காகக் கடலைப் பரப்பு விரிந்தது. மேய்ச்சலுக்கும் தரிசுக்கும் விட்டிருந்த நிலங்கள் உழவுக்கு வந்தன. சுத்தமான வயல்தான் நவீன வயல், இடையே மரமோ புதரோ நிற்பது சோம்பேறியின் அடையாளம் என்ற எண்ணம் பரவியது. உழவர்கள் விதைப்புக்கு முன் எல்லாவற்றையும் வெட்டிக் குவித்து எரித்தார்கள். போதாக்குறைக்கு, நகரங்களின் அடுப்புக்கு விறகு போக வேண்டியிருந்தது.

1968 முதல் 1973 வரை சஹேலை வாட்டிய பஞ்சம் மீதி மரங்களையும் கொண்டுபோனது. பட்டுப்போனவை பல, சோற்றுக்காக வெட்டி விற்கப்பட்டவை பல. மரம் போன வயலில் காற்று எதிரியானது. மழைக்கால முகப்பில் வரும் புழுதிக்காற்று, முளைவிட்ட கம்பை மணலால் அறைந்து கிழிக்கும், இல்லையென்றால் மூடிப் புதைத்துவிடும். ஒரே பட்டத்தில் மூன்று முறை, நான்கு முறை மறுவிதைப்புச் செய்த குடும்பங்கள் உண்டு. விதைக்கென்று எடுத்து வைத்த கம்பையும், உண்பதற்கு வைத்திருந்த கம்பையும் அடுத்தடுத்து மண்ணில் போட்டு, அதையும் காற்றுக்குக் கொடுத்த வீட்டில் அந்த ஆண்டு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு கனக்கிறது. விறகு கிடைக்காமல் பெண்கள் சாணத்தையும் கம்பந்தட்டையையும் அடுப்பில் வைத்தார்கள். மண்ணுக்குப் போக வேண்டிய எரு புகையாகப் போயிற்று.

இதற்கு நடுவே ஒரு சட்டம். 1935இல் பிரெஞ்சு அரசு தன் மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் ஒரு வன ஆணையைப் பிறப்பித்தது. மதிப்புள்ள மரங்களை வெட்ட அனுமதிச்சீட்டு வேண்டும். 1960இல் விடுதலை வந்த பிறகும் அதன் சாரம் மாறவில்லை. நடைமுறையில் உழவர் புரிந்துகொண்டது இதுதான்: என் வயலில் நின்றாலும் மரம் அரசாங்கத்தின் சொத்து. கிளை ஒடித்தால் வனக்காவலர் வந்து அபராதம் போடுவார். அப்படியென்றால், முளைத்து வரும் கன்றை விட்டுவைப்பது வீண் தொல்லையை வளர்ப்பதுதானே? சிறிதாக இருக்கும்போதே வெட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மரத்தைக் காக்க இயற்றிய சட்டமே கன்றை அறுக்கும் அரிவாளாக மாறிய விந்தை இது. நான் படித்த அளவில், இந்த நிகழ்வின் கரு இங்கேதான் இருக்கிறது.

நட்டதெல்லாம் பட்டது

1981இல் டோனி ரினாடோ என்ற இளம் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர், ஒரு கிறித்தவ மிஷன் அமைப்பின் வழியாக மராடிக்கு வந்தார். அவர் ஏற்ற வேலை மரம் நடுவது. நாற்றங்கால் போட்டார்கள், கன்று வளர்த்தார்கள், ஊர் ஊராகக் கொண்டுபோய் நட்டார்கள். கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை செத்தன. வெயில், கறையான், ஆடு ஆகிய மூன்றுக்கும் தப்பியது கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். மக்களுக்கும் அதில் ஈடுபாடு இல்லை. பசித்தவனிடம் போய் மரம் நடு என்றால் யார் கேட்பார்கள்? சஹேல் முழுவதும் அந்த ஆண்டுகளில் நடந்த நடவுத் திட்டங்கள் பலவற்றின் கதை இதுவேதான்.

1983இல் ஒரு நாள், கன்று ஏற்றிய வண்டியோடு மணற்பாதையில் போய்க்கொண்டிருந்த ரினாடோ, சக்கரம் புதையாமல் இருக்க டயர்களில் காற்றைக் குறைக்க இறங்கினார். சுற்றிலும் வெறும் வயல், அங்கங்கே முழங்கால் உயரப் புதர்கள். ஒரு புதரின் இலையைக் கிட்டப்போய்ப் பார்த்தபோது அவருக்கு விளங்கியது: இது புதரே இல்லை. வெட்டப்பட்ட மரம். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் உழவர் வெட்டுகிறார், ஆண்டுதோறும் அது துளிர்க்கிறது. மேலே தெரியும் நிலம் பாலையாக இருந்தாலும், கீழே ஆழமாக வேரோடிய ஒரு காடு உயிரோடு காத்திருக்கிறது.

நம் உழவருக்கு இது புதுச்செய்தி ஆகாது. கரும்பு மறுதாம்பு விடுவதைப் பார்த்தவர்கள், முருங்கையை மொட்டையடித்தால் நான்கு போத்து கிளம்பும் என்று தெரிந்தவர்கள், இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். ஹௌசா உழவர்களுக்கும் அது தெரியாததில்லை. அவர்களுடைய பாட்டன்மார் செய்துவந்த வேலைதான். இடையில் இரண்டு தலைமுறையாக அது மதிப்பிழந்திருந்தது.

ஒரு கட்டையைக் கவாத்து செய்வது

செய்முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு நுட்பமும் இவ்வளவுதான். கோடையின் இறுதி, மழைக்கு முன், வயலைத் துப்புரவு செய்யும் நேரம். ஒரு கட்டையைச் சுற்றி பத்து, இருபது, முப்பது தளிர்க்கொம்புகள் நெருக்கியடித்துக் கிளம்பியிருக்கும். அப்படியே விட்டால் ஒன்றும் தேறாமல் புதராகவே நிற்கும். உழவர் குனிந்து அவற்றில் நேராகவும் தடிப்பாகவும் உள்ள மூன்று முதல் ஐந்து கொம்புகளைத் தெரிந்தெடுக்கிறார். மற்றவற்றைக் கூரிய கத்தியால் அடியோடு சீவிவிடுகிறார். பிய்த்து இழுத்தால் பட்டை உரிந்து கட்டை நோய்வாய்ப்படும் என்பதால் கீழிருந்து மேலாக ஒரே வெட்டு. விட்டுவைத்த கொம்புகளின் பக்கக்கிளைகளைப் பாதி உயரம் வரை கழிக்கிறார். வெட்டிய தழை வயலிலேயே கிடந்து மக்கும், சுள்ளி வீட்டுக்குப் போகும்.

வேர் ஏற்கெனவே ஆழத்தில் ஈரத்தைப் பிடித்திருப்பதால், நட்ட கன்று ஒரு சாண் வளரும் காலத்தில் இந்தக் கொம்பு ஆள் உயரம் போய்விடும். அடுத்த ஆண்டு ஒன்றை விறகுக்கு வெட்டலாம், மற்றவை மரமாகும், வெட்டிய இடத்தில் புதுத் துளிர் வரும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வேலி வேண்டாம். வீட்டில் இருக்கும் கத்தி போதும். எந்த மரம், ஏக்கருக்கு எத்தனை, எந்த இடத்தில் என்பதெல்லாம் அந்தந்த உழவரின் முடிவு. ஹௌசா மொழியில் இதற்கு 'சஸ்ஸபின் ஸமானி' என்று பெயர் வைத்தார்கள். 'இக்காலத்துக்கு ஏற்ற நிலத் துப்புரவு' என்று பொருள் சொல்லலாம். மரம் வளர்ப்பு என்ற சொல்லே பெயரில் இல்லை. விதைப்புக்கு முன் செய்யும் வழக்கமான வேலையிலேயே ஒரு சிறு மாற்றம் என்ற அளவில் அது உழவர் காதில் விழுந்தது. அந்தப் பெயர் மிக நல்ல பெயர் என்று நினைக்கிறேன்.

பஞ்சம் தந்த வாய்ப்பு, அதன் பிறகு வந்த சறுக்கல்

முதலில் பத்துப் பன்னிரண்டு உழவர்கள்தான் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார்கள். ஊரார் கேலி செய்தார்கள். வளர்ந்த கொம்புகளை இரவில் யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். சட்டப்படி மரம் யாருக்கும் சொந்தமில்லாதபோது, அதைத் திருட்டு என்று சொல்லக்கூட வழியில்லை.

1984இல் மழை பொய்த்தது. மறுபடி பஞ்சம். வேலைக்கு உணவு என்ற திட்டத்தின் கீழ், வயலில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மரக்கொம்புகளை விட்டுவைக்கும் குடும்பங்களுக்குத் தானியம் தரப்பட்டது. ஏறத்தாழ 5 லட்சம் மரங்கள் அப்படிக் காக்கப்பட்டன. தானியம் வருவது நின்றதும் அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டப்பட்டுவிட்டன.

திட்ட அறிக்கை எழுதுபவர் இந்த இடத்தில் கோப்பை மூடிவிட்டுப் போயிருப்பார். கூலிக்காகச் செய்த வேலை கூலியோடு முடிந்தது என்று எழுதியிருப்பார். எஞ்சிய மரங்கள்தான் பின்னாளில் பேசின. அந்த வயல்களில் காற்று அடங்கியது, முளை நின்றது, கம்பு கூடுதலாக விளைந்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார். உழவர் உழவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு ஈடாக எந்தப் பயிற்சி முகாமும் இல்லை.

மராடியில் அகியே பகுதியைச் சேர்ந்த தன் சாகா என்ற ஊரில் எந்தத் திட்டத்தின் தூண்டுதலும் இல்லாமல் இதே பாடம் தற்செயலாகக் கிடைத்தது. பிழைப்புக்காக நைஜீரியாவுக்குப் போயிருந்த இளைஞர்கள் சிலர், மழை தொடங்கிய பிறகு தாமதமாக ஊர் திரும்பினார்கள். வயலைத் துப்புரவு செய்ய நேரமில்லை. புதர்களுக்கு இடையிலேயே விதைத்துவிட்டார்கள். ஒழுங்காக வெட்டித் துப்புரவு செய்த அண்டை வயல்களைவிட அவர்களுடைய விளைச்சல் மேலாக இருந்தது. மறு ஆண்டும் அப்படியே நடந்தது. அதன் பின் ஊரே மாறியது. பின்னாளில் தன் சாகா மரங்களைக் கண்காணிக்க ஊர்க்குழு அமைத்தது, விறகுக்குத் தனிச் சந்தை நடத்தியது, பிற ஊர்களுக்கும் முன்மாதிரியானது.

யாருடைய மரம்?

சட்டம் உடனே மாறவில்லை. முதலில் மாறியது நடைமுறை. மராடியில் திட்டக்காரர்கள் வனத்துறை அதிகாரிகளிடம் பேசி, தன் வயலில் தான் வளர்த்த மரத்தின் கிளையை வெட்டும் உழவருக்கு அபராதம் போடுவதில்லை என்று வாய்மொழியாக ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். 1987இல் ராணுவ ஆட்சியாளர் சேனி குன்ச்சே இறந்த பிறகு அரசின் பிடி தளர்ந்தது, கிராமங்களில் வனக்காவலர் தலை தெரிவதும் குறைந்தது. 1993இல் வந்த நிலச் சட்டத் தொகுப்பும் 2004இன் வனச் சட்டமும் உழவருக்கு ஓரளவு உரிமையை ஒப்புக்கொண்டன. 2020இல்தான் இந்த முறைக்கென்றே ஓர் ஆணை வந்தது. ஆக, உழவர்கள் முன்னே போனார்கள், சட்டம் முப்பது ஆண்டு பின்தங்கி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

இதற்குள் பரப்பு எவ்வளவு ஆகியிருந்தது என்பது நாட்டின் தலைநகருக்கே தெரியவில்லை. 2000களின் நடுவில் கிறிஸ் ரெய் என்ற டச்சு ஆய்வாளரும், அமெரிக்க நிலவியல் அளவைத்துறையைச் சேர்ந்த கிரே தப்பானும், நைஜர் ஆய்வாளர்களும் பழைய வான்வழிப் படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டார்கள். மராடியிலும் அண்டை வட்டாரமான ஜிண்டரிலுமாக ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பியிருந்தன. தமிழ்நாட்டின் நிகர சாகுபடிப் பரப்புக்கு ஏறக்குறைய சமமான நிலம் இது. மரங்கள் சுமார் 20 கோடி. ஆண்டுக்குக் கூடுதலாக 5 லட்சம் டன் தானியம், 25 லட்சம் பேருக்கான உணவு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். தானியக் கணக்கு தோராயமானதுதான். 1990களின் நடுவிலிருந்து மழையும் ஓரளவு கூடியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம், நைஜீரியாவிலும் மரம் அதே அளவு கூடியிருக்க வேண்டும். அங்கே அப்படி ஆகவில்லை. மக்கள் நெருக்கம் கூடினால் மரம் குறையும் என்ற பழைய நம்பிக்கையையும் இது புரட்டிப்போட்டது. நைஜரில் மரம் திரும்பிய இடங்கள் பெரும்பாலும் மக்கள் நெருங்கி வாழும் உழவு நிலங்கள்தான்.

அந்த மரங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'காவோ' என்று அவர்கள் அழைக்கும் வெள்ளை வேல மரம். உலகத்து மரங்களெல்லாம் மழையில் தழைத்துக் கோடையில் உதிர்த்தால், இது மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். கோடையில் தழைத்து நிற்கும். அதனால் அடியில் வளரும் கம்புக்கு நிழல் விழுவதில்லை. உதிர்ந்த இலை எருவாகிறது, வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்க்கிறது. கோடையில் அதன் நிழலில் மாடு படுக்கிறது, நெற்றைத் தின்கிறது, சாணம் போடுகிறது. நம் ஊரில் காசு கொடுத்துக் கிடை போடுவோமே, அந்தக் கிடையை மரமே கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜிண்டரை ஆண்ட சுல்தான் தனிமூன், காவோ மரத்தை வெட்டியவர்களுக்குக் கொடுந்தண்டனை விதித்தார் என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

காற்று தணிந்ததால் பெரும்பாலும் ஒரே விதைப்பு போதும் என்ற நிலை வந்தது. சாணமும் தட்டையும் அடுப்பிலிருந்து மீண்டு மண்ணுக்குப் போயின. விறகு வயலிலேயே கிடைத்ததால் பெண்களின் நடை குறைந்தது. பெருக்கமரத்தின் இலையைப் பறித்து உலர்த்தி விற்பது பெண்களின் கைக்காசானது. மன்னாரிலும் ராமநாதபுரத்திலும் வினோதப் பொருளாக நாம் பார்க்கப் போகும் அதே பெருக்கமரம், அங்கே குழம்புக்கு இலை தரும் அன்றாடக் கீரை மரம்.

தீராதவை

2005இல் நைஜர் மறுபடி பட்டினியில் விழுந்தது. முந்தைய ஆண்டின் வறட்சியும் வெட்டுக்கிளியும் சேர்ந்து அடித்தன, சந்தையில் தானிய விலை ஏறியது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த ஆண்டு நைஜரில் கடுமையாக மெலிந்துபோன 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. அவர்களில் பெரும்பகுதி மராடி வட்டாரத்துக் குழந்தைகள். மரம் பெருகிய அதே மராடிதான். இதை மறைத்துவிட்டு இந்த நிகழ்வைப் பேசுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம். மரம் இருந்த குடும்பங்கள் கிளையையும் விறகையும் விற்றுத் தானியம் வாங்கித் தாக்குப்பிடித்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. மரம் இடையில் தாங்கிய கை. அது பட்டினியை ஒழிக்கவில்லை. 1977 கணக்கெடுப்பில் 51 லட்சமாக இருந்த நாட்டின் மக்கள்தொகை 2012இல் 1 கோடியே 71 லட்சம் ஆனது. விளைச்சல் கூடும் வேகத்தை அடுப்பங்கரையின் தேவை எட்டிப்பிடித்துக்கொண்டே வருகிறது.

மேய்ப்பவர்களோடு உள்ள வழக்கும் பழையது. ஃபுலானி மேய்ப்பர்களுக்குக் கோடையில் பசுந்தழை என்றால் மரக்கிளைதான். முன்பு யாருடையதும் அல்லாத மரத்தில் ஒடித்தார்கள். இப்போது மரத்துக்கு உடையவர் வந்துவிட்டார், ஒடித்தால் சண்டை. உழவருக்கு உரிமை கிடைத்த அதே வேளையில் மேய்ப்பரின் வழக்குரிமை சுருங்கியது. ஊர்க்குழுக்கள் பல இடங்களில் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசுகின்றன. சில இடங்களில் பேச்சு முறிகிறது. போதாததற்கு, அண்மை ஆண்டுகளில் நைஜீரியாவின் வடமேற்கிலிருந்து எல்லை தாண்டி வரும் ஆயுதக் கும்பல்கள் மராடியின் தென் கிராமங்களில் மாடுகளையும் ஆட்களையும் கடத்துகின்றன. 2023 ஜூலையில் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பின் நைஜீரிய எல்லை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. எல்லை வணிகத்தை நம்பி வாழும் வட்டாரத்துக்கு அது பெரிய அடி.

இந்த முறை நைஜரைத் தாண்டியும் போயிருக்கிறது. எத்தியோப்பியாவின் ஹும்போவில் 2,728 ஹெக்டேர் மலைச்சரிவை இதே கவாத்து முறையில் மீட்டார்கள். 2018இல் ரினாடோவுக்கும், கல்லாகிப்போன நிலத்தில் குழி தோண்டி எருவிட்டுக் கம்பும் காடும் வளர்த்த புர்க்கினா ஃபாசோ உழவர் யாகூபா சவாடோகோவுக்கும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது வழங்கப்பட்டது. சவாடோகோ 2023இல் இறந்தார். அவர் வளர்த்த காட்டின் பெரும்பகுதியை அருகிலிருந்த நகரம் மனைகளாக அளந்து எடுத்துக்கொள்ளத் தொடங்கியதை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்க்க நேர்ந்தது. காட்டை வளர்த்தவரிடம் நிலத்துக்குப் பட்டா இல்லை.

மராடியிலும் இன்று மிஞ்சி நிற்கும் கேள்வி அதுதான். நிலம் உடைய ஆண் உழவர் மரத்துக்கும் உடையவர் ஆகிவிட்டார். ஒரு பட்டத்துக்கு மட்டும் நிலத்தைக் குத்தகைக்கோ அடமானத்துக்கோ எடுத்து உழுபவருக்கு நான்காம் ஆண்டில் காய்க்கப்போகும் கொம்பை விட்டுவைப்பதில் என்ன பங்கு? கணவன் பெயரிலோ மைத்துனன் பெயரிலோ உள்ள துண்டு நிலத்தில் கடலை போடும் பெண், கோடை இறுதியில் ஒரு கட்டையின் முன் கத்தியோடு குனியும்போது, எந்தக் கொம்பை விடுவது என்பதைத் தானே முடிவு செய்ய முடியுமா? 2020இன் ஆணை அவள் வயல் வரை வந்து சேர்ந்தால்தான் அதற்கு விடை தெரியும்.